மேஜையை நடுவில் போடச் சொன்ன கவுன்சிலர்

போன மாதம் ஒரு மந்திரி, பத்திரிகைக்காரர்கள் கூடியிருந்த விழாவிலேயே நின்றுகொண்டு, பத்திரிகைகள் ஒருதலைப்பட்சமாக எழுதுகின்றன, பொறுப்பே கிடையாது என்று விளாசிவிட்டுப் போனார். மறுநாள் காலையில், நான் வேலை பார்த்த பத்திரிகையின் இளம் நிருபர்கள் இரண்டு பேர் என் வீட்டு வாசலில் நின்றார்கள். முகத்தில் அப்படி ஒரு ரோஷம். உங்கள் காலத்தில் எந்த அரசியல்வாதியாவது பத்திரிகைக்காரனை இப்படிப் பேசியிருக்கிறானா சார் என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மந்திரி பேசியதெல்லாம் ஒரு பேச்சா? எங்கள் தெய்வசிகாமணி பேசியதைக் கேட்டிருந்தால் இந்தப் பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு மளிகைக்கடை வைக்கப் போயிருப்பார்கள். காபி ஆறுவதற்குள் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அதை எழுதித்தான் தரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டக்கூடாது என்று சொல்லித்தான் எழுதுகிறேன். வெட்டினால் என்ன ஆகும் என்பதும் இதில் வரும்.

நான் ராயபுரத்துக்காரன். என்னை ஹார்பரில் கிளார்க்காகப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மண்ணடியில் ஒரு மாடியில் சுருக்கெழுத்தும் டைப்பும் கற்றுக்கொண்டு, சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் கொஞ்ச காலம் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டியை எண்ணி எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. சுதந்திரம் வந்த மறு வருஷம் ஒரு மாலைப் பத்திரிகையில் சேர்ந்தேன். தொழில் கற்றுக்கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை. ஒரு சைக்கிளைக் கொடுத்து, யானைக்கவுனியைத் தாண்டினால் எண்ணூர் வரைக்கும் எல்லாம் உங்களுடையது என்றார்கள். ஏதோ ஜமீனை எழுதிவைத்த மாதிரி இருந்தது. நிலக்கரிப் புழுதியும் மீன் கவிச்சியும் தோல் மண்டி நாற்றமும் சேர்ந்த ஜமீன். மற்ற நிருபர்கள் யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள் என்பதால்தான் அது எனக்குக் கிடைத்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஆசிரியர் பெயர் சபாபதி. அந்த மாதிரி ஒரு மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஆபீஸ் பெருக்கும் அம்மாளைக்கூட ‘நீங்கள்’ என்றுதான் சொல்வார். குரலை உயர்த்தவே மாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு விதி எழுதி, பசை தடவிச் சுவரில் ஒட்டுவார். கோபம் அத்தோடு தீர்ந்துவிடும். நான் சேர்ந்தபோதே சுவர் பாதி மறைந்திருந்தது. ‘பரபரப்பு என்ற சொல் வாரத்துக்கு ஒரு முறை’ என்று ஒன்று. ‘பணக்காரர் மட்டும் காலமாவதில்லை, ஏழையும் காலமாகிறார்’ என்று ஒன்று. யாரோ ஒரு கூலியாளை ‘செத்தான்’ என்று எழுதிவிட்ட அன்று ஒட்டியது அது.

அவர் ஒட்டியவற்றில் இரண்டு விதிகள் இந்தக் கதைக்கு வேண்டும். ஒன்று, செய்தியில் பட்டப்பெயர் கூடாது. மில் முதலாளி என்றால் இனிஷியலோடு எழுதுகிறீர்கள், மூட்டை தூக்குபவர் என்றால் ஊர் வைத்த பட்டப்பெயரோடு எழுதுகிறீர்கள், இது என்ன நியாயம் என்பார். இரண்டாவது, திருட்டு வழக்கில் தகப்பன் பெயர் கூடாது. மகன் செய்ததற்கு அந்த மனிதர் ஏன் தெருவில் தலைகுனிய வேண்டும் என்பது அவர் கேள்வி. இரண்டுமே நல்ல மனசில் பிறந்த விதிகள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவர்மேல் யாருக்கும் கோபம் வரக்கூடாது.

செய்தியோடு போய் நின்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, யார் சொன்னது? பதில் சொன்னால் அடுத்தது, வேறு யார் சொன்னது? எண்ணூரில் திமிங்கலம் ஒதுங்கியிருக்கிறது என்று ஒருமுறை தண்டையார்பேட்டை முழுக்கப் பேச்சு. ஊரே சொல்கிறது சார் என்றேன். ஊர் பார்த்ததா என்றார். வெயிலில் எண்ணூர் வரைக்கும் சைக்கிளை மிதித்துப் போனேன். ஒரு பழைய மீன்பிடிப் படகு கவிழ்ந்து கிடந்தது, அடியில் தார் பூசிப் பளபளவென்று. திரும்பி வந்து சொன்னதும், வெந்நீர் வைத்துக் காலை ஊற வையுங்கள் என்றார் கரிசனத்தோடு. அவர் அப்படித்தான்.

இனி தெய்வசிகாமணிக்கு வருகிறேன். ராயபுரம் வட்டாரத்துக் கார்ப்பரேஷன் கவுன்சிலர். இளவயதில் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். பிறகு ஒரு தொழிற்சங்கத்தைக் கட்டி அதற்குத் தலைவரானவர். ஆள் குள்ளம்தான், குரல் மட்டும் கப்பல் சங்கு. அவருக்குத் தண்ணீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் அப்புறம். முதல் எதிரி பத்திரிகைதான்.

அந்த நாளில் பொதுக்கூட்டம் என்றால் மேடைக்குக் கீழே ஓரமாக நிருபர்களுக்கு ஒரு மேஜை போடுவார்கள். தலைவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், சோடா கொடுப்பார்கள். தெய்வசிகாமணி கூட்டத்தில் அதெல்லாம் நடக்காது. மேடை ஏறியதும் அவர் முதல் வேலை, அந்த மேஜையைத் தூக்கிக் கூட்டத்தின் நட்டநடுவில் போடச் சொல்வது. நாலு பக்கமும் ஜனம் உட்கார்ந்திருக்க, நாங்கள் மட்டும் நடுவில் திருவிழா பொம்மைகள் போல உட்கார்ந்திருப்போம். “பேப்பர்காரர் கையப் பாத்துகினே இருங்க. நான் சொல்றப்போ எழுதறாரா, சொல்லாதப்போ எழுதறாரா பாருங்க” என்பார். பேச்சின் நடுவே நிறுத்தி, எழுதிட்டியா நைனா என்று என்னைப் பார்த்துக் கேட்பார். ஜனம் மொத்தமும் என் பென்சிலை எட்டிப் பார்க்கும். அந்த மாதிரி ஒரு பயத்தில் நான் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

கல்மண்டபம் பக்கம் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றி, மறுநாள் ஒரு பத்திரிகை ‘மாபெரும் கூட்டம்’ என்று எழுதியது. இன்னொன்று ‘சொற்பமானவர்களே வந்திருந்தனர்’ என்று எழுதியது. இரண்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வந்தார். போன கூட்டத்துக்கு வந்தவங்கல்லாம் எழுந்திருங்க என்றார். தரையில் இருந்த ஜனம் அத்தனையும் எழுந்தது. “இதான் சொற்பம். நல்லாப் பாத்துக்கோ. சொற்பம் எல்லாம் உக்காரு” என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சொற்பம் என்று எழுதிய நிருபர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பாவம், அதற்குப் பிறகு ராயபுரத்தில் அவரை எல்லாரும் மிஸ்டர் சொற்பம் என்றே கூப்பிட்டார்கள்.

வாய்க்கொழுப்பு பிடித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. திருவொற்றியூர் தேரடியில் அவர் பேசியது இன்றும் காதில் நிற்கிறது. “பேப்பர்காரன் பொய் எழுதறான்னு நான் சொல்ல மாட்டேன். பொய் எழுதினா ஒரே நாள்ல மாட்டிக்குவான். பாதிய எழுதறான் பாரு, அவன்தான் பேஜாரு. பாதிய எப்டி புடிப்பே?” என்றார். யாரைக் கேட்டு எழுதுகிறான், யாரைக் கேட்காமல் எழுதுகிறான் என்று பார்க்கச் சொல்வார். வேண்டியவன் செய்தால் ஒரு எழுத்து, வேண்டாதவன் செய்தால் ஒரு எழுத்து என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். தப்பான செய்தி முதல் பக்கத்தில் வரும், மறுப்பு மட்டும் எருமைமாடு காணவில்லை விளம்பரத்துக்குக் கீழே வரும் என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். எரிச்சலுக்குக் காரணம், அதில் எதையும் மறுக்க முடியாததுதான்.

கார்ப்பரேஷன் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. டிராம் நின்றுபோய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தினமும் காலையில் என் முதல் வேலை போலீஸ் ஸ்டேஷன்களைச் சுற்றுவது. ஸ்டேஷனில் ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். எழுத்து வேலையெல்லாம் அவருடையது. நாங்கள் போய் நின்றால் முந்தின நாள் கைதானவர்களை வாயால் சொல்வார், நாங்கள் குறித்துக்கொள்வோம். ஒரு நாள் அவர் சொன்னது, ஹார்பர் ஷெட்டில் செம்புக் கம்பிச் சுருள் திருடியதாகக் கொக்கி ஏழுமலை என்பவன் கையும் களவுமாகப் பிடிபட்டான். வேறு யார் சொன்னது என்று ஆசிரியர் கேட்பாரே என்று, லாக்கப் பக்கம் போய் நானே பார்த்தேன். கொக்கி ஏழுமலையேதான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஹார்பரில் ஏழுமலைகளுக்குப் பஞ்சமே கிடையாது. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கெல்லாம் அதே பெயர்தான். ஆகவே பட்டப்பெயர் இல்லாமல் அங்கே எவனுக்கும் பிழைப்பு நடக்காது. மூட்டையைக் கொக்கியால் குத்தித் தூக்குவதில் சூரன் என்பதால் இவன் கொக்கி ஏழுமலை. அதே கும்பலில் இன்னொருவன் டோல்கேட்டில் குடியிருந்தான், அவன் டோல்கேட் ஏழுமலை. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒரே ஒரு வித்தியாசம். கொக்கி, தெய்வசிகாமணி சங்கத்தில் முக்கியமான ஆள், அவருடைய தேர்தல் வேலைகளில் முன்னால் நிற்பவன். டோல்கேட் எந்தச் சங்கத்திலும் கிடையாது. தான் உண்டு தன் மூட்டை உண்டு என்று இருப்பவன்.

கல்மண்டபத்துக்கு அருகே ரஹீம் பாய் என்பவரின் கயிற்றுக்கடையில் டெலிபோன் இருந்தது. அதிலிருந்துதான் நான் ஆபீஸுக்குச் செய்தி சொல்வது. லைன் அப்படி இரையும், தொண்டை கிழியக் கத்த வேண்டும். நான் கத்த ஆரம்பித்தால் பாய் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வாடிக்கையாளர்களோடு சேர்ந்து நின்று கேட்பார். அன்றன்றைய செய்தியை ஊரில் முதலில் கேட்பவர்கள் அவர்கள்தான். கொக்கி ஏழுமலை என்று நான் கத்தியதை அந்தக் கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஆபீஸில் எழுதிக்கொண்டவர் சுவரைப் பார்த்தார். பட்டப்பெயரை வெட்டினார். தகப்பன் பெயரையும் வெட்டினார். அந்த வாரம் முழுக்க ஹார்பர் திருட்டுதான் ஊர்ப்பேச்சு, ஆகவே செய்தி முதல் பக்கத்துக்கு ஏறியது. ‘ஹார்பரில் செம்புக் கம்பி திருட்டு. தொழிலாளி ஏழுமலை கைது.’

சில நாள் கழித்து ரஹீம் பாய் கடையில் என்னைத் தேடிக்கொண்டு டோல்கேட் ஏழுமலை வந்தான். நல்ல உயரம், அகன்ற தோள். ஆனால் நின்ற நிலையைப் பார்த்தால் காய்ச்சலில் படுத்து எழுந்தவன் போல இருந்தது. ஹார்பரில் காலையில் கேட்டருகே எல்லாரும் நிற்பார்கள், மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அன்று வேலை. பத்திரிகை வந்த மறுநாளிலிருந்து இவன் பெயரை மேஸ்திரி கூப்பிடவில்லை. மேஸ்திரிக்கு உண்மை தெரியும். கூட வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும். தெரியாதவர் மாடியில் இருக்கும் கம்பெனி அதிகாரி. அவர் பத்திரிகையைப் பார்த்து, ஏழுமலையைச் சேர்க்காதே என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். மேஸ்திரி எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லையாம். இவன் ஜாமீனில் வந்தவனில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டாராம்.

“பேப்பர்ல வந்தது பேப்பர்லயே போனாத்தான் உள்ள வுடுவேன்றாரு சார். வூட்ல அடுப்பு எரிஞ்சு நாளாவுது” என்றான். கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

அவனை அங்கேயே உட்கார வைத்துவிட்டு ஆபீஸுக்குப் பறந்தேன். ஆசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நாம் போட்டதில் தவறு எது என்றார். ஏழுமலை கைது என்று போட்டோம், கைதானவர் ஏழுமலைதானே? தவறு இருந்தால் திருத்தலாம், உண்மையை எப்படித் திருத்துவது? தேரடியில் கேட்ட பேச்சு நெஞ்சில் முட்டியது. பாதிய எப்டி புடிப்பே? ஆசிரியர் கல்நெஞ்சர் இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கம்பெனியிடம் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார். அதையும் ஏழுமலை முயன்று பார்த்துவிட்டான். கைதாகாதவனுக்குக் கைதாகவில்லை என்று நாங்கள் ஏன் கடிதம் கொடுக்க வேண்டும் என்று துரத்திவிட்டார்களாம்.

இனி கவுன்சிலரைத்தான் பார்க்க வேண்டும் என்றான் ஏழுமலை. ராயபுரத்தில் எவனுக்கு எது வந்தாலும் கடைசியில் போய் நிற்கும் இடம் அதுதான். கொக்கி யாருடைய ஆள் என்பது எனக்குத் தெரியும். இவனுக்கும் தெரியும். ஆனால் கவுன்சிலருக்கு அந்தக் கைது விஷயமே தெரியாது. தேர்தல் சமயத்தில் அவர் மனசு உடைந்துவிடக்கூடாது என்று சங்கத்துக்காரர்கள், கொக்கி ஒரு சாவுக்காக ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி மூடி வைத்திருந்தார்கள். இதை ரஹீம் பாய்தான் என் காதில் சொன்னார். போகாதே என்று ஏழுமலையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தன் தலையில் விழுந்தால் என்ன செய்வார் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

மறுநாள் முற்பகல். ஆபீஸில் அச்சு மிஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தத்துக்கு முன்னால் குரல் வந்துவிட்டது. தெய்வசிகாமணி, பின்னால் டோல்கேட் ஏழுமலை. ஏழுமலை வாசல்படியிலேயே நின்றுகொண்டான். கவுன்சிலர் நேராக ஆசிரியர் அறைக்குள் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

ஆசிரியர் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். கவுன்சிலர் உட்காரவில்லை. ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிட்டு இங்கே மின்விசிறி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா என்று ஆரம்பித்தார். பெயரை மட்டும் போட்டால் எந்த ஏழுமலை என்று எவனுக்குத் தெரியும், ஆளை அடையாளம் சொல்லாமல் எழுதுவது செய்தியா, மொட்டைக் கடுதாசியா என்று கேட்டார். மறுப்பு வேண்டும், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். எருமைமாட்டுக்குக் கீழே போட்டால் இந்த ஆபீஸ் வாசலிலேயே கூட்டம் போடுவேன், உங்கள் மேஜையை நடுரோட்டில் போடுவேன் என்றார். அச்சுக் கோர்ப்பவர்கள் எல்லாம் கையில் எழுத்தோடு கதவருகே வந்து நின்றுவிட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஆசிரியர் என் பக்கம் திரும்பி, கைதானவர் எந்த ஏழுமலை, நீங்கள் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன் சார் என்றேன். யார்?

கவுன்சிலர் முகத்தைப் பார்க்காமல், கொக்கி ஏழுமலை சார் என்றேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். தெய்வசிகாமணி என்னை முறைத்தார். வாசலில் நின்ற டோல்கேட் ஏழுமலையைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நம்ம கொக்கியா என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஆசிரியருக்கு நிலைமை விளங்கிவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிரிப்புச் சிரித்திருப்பார். இவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு மிகவும் மரியாதையாக ஒரு வழி சொன்னார். கைதானவர் டோல்கேட்டில் வசிக்கும் ஏழுமலை அல்ல என்று மட்டும் முதல் பக்கத்தில் போட்டுவிடலாம். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டப்பெயர் போடுவது எங்கள் வழக்கமும் இல்லை. இவருக்கும் வேலை கிடைக்கும், உங்களுக்கும் சங்கடம் இல்லை என்றார். நல்ல வழிதான். நானாக இருந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

கவுன்சிலர் வாசலைப் பார்த்து, போதுமாடா என்றார்.

டோல்கேட் ஏழுமலை அப்போது தலையாட்டினால் போதும், மறுநாள் மூட்டை தூக்கலாம். “எனுக்குப் போதும்ணா. ஆனா ஹார்பர்ல எத்தினியோ ஏழுமலை கீறான். இவன் இல்லன்னா எவன்டான்னு அந்த அதிகாரி எல்லாரையும் வெளிய நிறுத்துவாரு. நாளைக்கி இன்னொருத்தன் வந்து இங்க நிப்பான்” என்றான்.

தெய்வசிகாமணி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். தேர்தல் பக்கத்தில் நிற்கிறது. கொக்கிதான் அவருக்குத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்பவன். எதிர்த்து நிற்பவர் பெரிய கை. எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

“கொக்கி ஏழுமலைன்னு போடுங்க சார். எங்க சங்கத்து ஆளுன்னும் போடுங்க” என்றார்.

சங்கத்தின் பெயர் செய்திக்குத் தேவையில்லையே என்றார் ஆசிரியர்.

“போன வருசம் எதிர்ச் சங்கத்து ஆளு ஒருத்தன் மாட்டினானே, அன்னிக்கி சங்கத்துப் பேரப் போட்டீங்க. நானும் அந்தப் பேப்பரத் தூக்கிக் காட்டி மேடை மேடையா பேசினேன். அன்னிக்கித் தேவைப்பட்டுது, இன்னிக்கித் தேவையில்லியா?”

ஆசிரியர் பென்சிலை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார். பட்டப்பெயரை முழுசாக எழுதினார். தன் விதியைத் தானே மீறி அவர் எழுதியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். முன்பு வந்த செய்தியில் அடையாளம் சொல்லாமல் விட்டது இந்தப் பத்திரிகையின் குறை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். கவுன்சிலர் எழுந்து கும்பிட்டார். ஆசிரியரும் எழுந்து கும்பிட்டார். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, அன்று அந்த இரண்டு பேர் காலிலும் விழலாம் போல இருந்தது.

அன்று மாலையே முதல் பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வந்தது. மறுநாள் காலையில் மேஸ்திரி பெயர் கூப்பிட்டார். டோல்கேட் ஏழுமலை உள்ளே போனான். அதைப் பார்ப்பதற்காகவே நான் ஸ்டேஷனுக்குப் போகாமல் ஹார்பர் கேட்டில் போய் நின்றேன். அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை, எங்கே கேட்டை மூடிவிடுவார்களோ என்று ஓடினான். கொக்கி பிற்பாடு கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போனான்.

எங்கள் பத்திரிகையை எதிர்க்கட்சிக்காரர்கள் கட்டுக்கட்டாக வாங்கிப் போனார்கள். தெருவுக்குத் தெரு மேடை போட்டு, தெய்வசிகாமணி சங்கமே திருட்டுச் சங்கம் என்று அதை வாசித்துக் காட்டினார்கள். இத்தனைக்கும் அந்தச் செய்தியைப் போடச் சொன்னதே அவர்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. பாதியை எழுதுவதைப் போலத்தான் பாதியை வாசிப்பதும். அவருடைய சங்கத்தில் பாதிப் பேர், நம் ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று விலகிப்போனார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அவருடைய கடைசிக் கூட்டத்துக்கு நிஜமாகவே சொற்பமானவர்கள்தான் வந்தார்கள். அப்போதும் எங்கள் மேஜை நடுவில்தான் கிடந்தது. சுற்றி உட்கார ஆள் இல்லை. கொக்கியைப் பற்றி அவரே எடுத்துப் பேசினார், ஒரு வார்த்தை மழுப்பவில்லை. நான் அத்தனையும் எழுதினேன்.

தோற்றுப் போனார். ஏதோ கொஞ்சத்தில் தோற்றார் என்று சொன்னால் பொய். நன்றாகவே தோற்றார்.

தோற்ற வேட்பாளரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டு எழுதுவது எங்கள் வழக்கம். ஜெயித்தவர் வீட்டுக்கு எல்லா நிருபரும் போய்விட்டார்கள், அங்கே லட்டு. நான் இவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பெஞ்சில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு, வந்துட்டாரு பேப்பர்காரரு, இன்னும் இன்னா மிச்சம் கீதுன்னு கேளுங்க என்றார். கவுன்சிலர், இல்லை, முன்னாள் கவுன்சிலர், சிரித்துக்கொண்டே எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

எனக்கு ஆத்திரமாக இருந்தது. நீங்கள் எதனால் தோற்றீர்கள் என்று ஊருக்குச் சொல்லப்போகிறேன் அண்ணே என்றேன். ஆசிரியர் அறையில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதப்போகிறேன், தப்பான செய்தியைத் திருத்தச் சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு மனிதர் தோற்றார் என்று எழுதுவேன் என்றேன். படபடவென்று சொல்லிவிட்டேன்.

அவர் என் தோளில் கை வைத்தார்.

“அத்த மட்டும் எழுதாத நைனா. உள்ளத சொன்னதால தோத்தான்னு நீ பேப்பர்ல போட்டுட்டா, இனிமே எவன் வந்து உள்ளத சொல்லுவான்?”

நான் எழுதவில்லை. தோற்றார் என்று மட்டும் அன்று மாலைச் செய்தியில் வந்தது.